எந்தப் பக்கம், எத்தனை பத்தி?

பள்ளிகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். “எங்கள் நாடக விழாவுக்கு 300 பேர் வந்தார்கள், சார். மூலையில் ஆறு வரிதான் போட்டீர்கள். போன வாரம் இன்னொரு பள்ளியில் நடந்த கதை சொல்லும் போட்டிக்குப் பாதிப் பக்கம். ஏன்?” கேட்பவர் பெரும்பாலும் உயர்நிலை மூன்றிலோ நான்கிலோ படிப்பவர். பக்கத்தில் நிற்கும் தமிழாசிரியர் சங்கடத்தில் நெளிவார். எனக்கோ அந்தக் கேள்வி பிடிக்கும். ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று கேட்க உங்களுக்குப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். அந்தச் செய்தி ஏன் இந்தப் பக்கத்தில், இந்த அளவில் வந்திருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

நான் துணையாசிரியர். செய்தியாளர்கள் எழுதித் தருவதைத் திருத்தி, தலைப்புப் போட்டு, பக்கத்தில் பொருத்துவது என் வேலை. வெளியே பெயர் தெரியாத வேலைதான். ஆனால் உங்கள் விழாவை ஆறு வரியாக்கியவர் யார் என்று தேடினால், என்னைப்போல் ஒருவரிடம்தான் வந்து நிற்பீர்கள்.

முதலில் காகிதக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். அதனால் நாளிதழின் பக்கங்கள் பொதுவாக நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். ‘இன்றைக்குச் செய்தி கொஞ்சம் அதிகம், ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்’ என்பது நடக்காது. எத்தனை பக்கம் என்பதையும் செய்திகள் முடிவு செய்வதில்லை. விளம்பரங்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அன்றைய பக்க வரைபடம் எங்கள் கைக்கு வரும்போதே அதில் விளம்பரங்கள் இடம்பிடித்திருக்கும். நகைக்கடை அரைப் பக்கம், துணைப்பாட நிலையம் கால் பக்கம், ஓரத்தில் இரண்டு நினைவஞ்சலி. மிச்சமிருக்கும் வெற்றிடம்தான் செய்திக்கு. வாசகர்கள் செய்தித்தாளைச் செய்திகளும் இடையிடையே விளம்பரங்களும் என்று பார்க்கிறார்கள். செய்தி அறையில் உட்கார்ந்து பார்த்தால் படம் தலைகீழ்.

இதில் ஒரு வேடிக்கை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் விளம்பரம் குவியும், பக்கங்கள் கூடும், செய்திக்கும் இடம் கூடும். அப்போது நடக்கும் சமூக மன்ற நிகழ்ச்சி நாலு பத்தியில் படத்தோடு வரலாம். அதே நிகழ்ச்சி விளம்பரம் வறண்ட ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தால் ஒற்றைப் பத்தியில் ஒடுங்கிவிடும். (பத்தி என்று நான் சொல்வது பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் குறுகிய வரிசையை. பள்ளிக் கட்டுரையில் நீங்கள் பத்தி என்று எழுதுவதை நாங்கள் பாரா என்போம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.)

கிடைத்த வெற்றிடத்திலும் எல்லா இடமும் ஒரே மதிப்புடையதல்ல. தாளைப் புரட்டும்போது கண் முதலில் வலப்பக்கம் போகும் என்பது பழைய நம்பிக்கை. அதனால் மூன்று, ஐந்து போன்ற ஒற்றைப்படைப் பக்கங்களுக்கு மவுசு அதிகம். பெரிய அளவு நாளிதழைக் கடையில் மடித்து வைப்பார்கள். மடிப்புக்கு மேலே தெரிவது வேறு, கீழே மறைவது வேறு. பக்கத்தின் உச்சியில் ஐந்து பத்தி அகலத்துக்குத் தலைப்பு ஓடினால் ஒரு பொருள். அதே செய்தி அடியில் ஒரு பத்தியில் வந்தால் இன்னொரு பொருள். செய்தியின் சொற்கள் ஒன்றாகவே இருந்தாலும் வாசகருக்குப் போய்ச் சேரும் சேதி வேறு.

முதல் பக்கத்தில்தான் தலையாய செய்தி இருக்கும் என்பது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அது அண்மைக்கால வழக்கம். லண்டனின் ‘தி டைம்ஸ்’ முதல் பக்கத்தில் 1966 மே 3ஆம் தேதிதான் செய்தி வரத் தொடங்கியது. அதுவரை அங்கே வரிவிளம்பரங்கள். இரண்டு உலகப் போர்களும் உள்பக்கத்திலேயே நடந்து முடிந்தன என்று சொல்லலாம். சென்னையின் ‘தி இந்து’ 1958ல்தான் முதல் பக்க விளம்பரங்களைக் கைவிட்டுச் செய்திக்கு மாறியது. அந்த இதழ்களை வாசித்தவர்கள் பிரித்து உள்ளே போய்த்தான் நாட்டு நடப்பைத் தெரிந்துகொண்டார்கள்.

சரி, யார் முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலான செய்தி அறைகளில் பகலில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். ஒவ்வொரு செய்தியாளரும் தன்னிடம் இருப்பதைச் சொல்வார். ஒவ்வொருவருக்கும் தன் செய்திதான் முதல் பக்கம். ஆசிரியர் கேட்பார், எத்தனை பேரைப் பாதிக்கிறது? புதிதாக என்ன? படம் இருக்கிறதா? நேற்றே வேறு எங்காவது வந்துவிட்டதா? கேள்விகள் எளிமையானவை. பதில்களை ஒன்றோடொன்று வைத்து எடை போடுவதுதான் கடினம். எம்ஆர்டி கட்டணம் ஏறுவது எல்லாரையும் தொடும், ஆனால் சில காசுகள். ஒரு கட்டுமானத் தளத்தில் ஊழியர் விழுந்து இறப்பது ஒரு குடும்பத்தைத் தொடும், ஆனால் முழுமையாக. எதற்கு உச்சி, எதற்கு அடி?

1965ல் நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இரு ஆய்வாளர்கள் காங்கோ, கியூபா, சைப்ரஸ் ஆகிய இடங்களின் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எப்படித் தந்தன என்று பார்த்து, எந்த நிகழ்வு செய்தியாகிறது என்பதற்கு 12 காரணிகளைச் சொன்னார்கள். தொடர்பு, ஊடகக் கல்வி படிக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்திருப்பீர்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அருகாமை. வல்லரசு நாடுகளுக்கும் பிரபலங்களுக்கும் நேர்வது எளிதில் செய்தியாகும். தொலைவான, நமக்குப் பழக்கமில்லாத மக்களுக்கு நேர்வது மிகப் பெரிதாக இருந்தால்தான் செய்தியாகும். கேட்க நன்றாக இல்லை. ஆனால் எந்த நாளிதழை எடுத்தாலும் அது உண்மை என்று தெரியும்.

அருகாமை என்பது கிலோமீட்டர் கணக்கும் அல்ல. தமிழகத்தின் முன்னாள், இன்னாள் முதல்வர்களுக்கு என்ன நேர்ந்தாலும் சிங்கப்பூர்த் தமிழ் வாசகருக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி. அப்படி வந்த இரண்டு மரணங்களைப் பாருங்கள். கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7ஆம் தேதி இந்திய நேரப்படி மாலை 6.10 மணிக்குக் காலமானார். நமக்கு அது இரவு 8.40. பக்கங்களைப் பிரித்துப்போட்டு முதல் பக்கத்தைப் புதிதாகக் கட்ட நேரம் இருக்கும் பொழுது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5ஆம் தேதி இரவு 11.30 மணிக்கு மறைந்தார். நமக்கு அப்போது மறுநாள் அதிகாலை 2 மணி. காலை நாளிதழ் அச்சு இயந்திரத்தில் ஓடும் நேரம். அதைவிடச் சிக்கல், அன்று மாலையே சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாகச் சொல்ல, மருத்துவமனை உடனே மறுத்தது. அந்த மறுப்புக்கும் நள்ளிரவுக்கும் இடையே முதல் பக்கத்தை முடிக்க வேண்டிய ஆசிரியர் என்ன தலைப்பு எழுதுவார்? ‘கவலைக்கிடம்’ என்ற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டு அனுப்ப வேண்டியதுதான். இரண்டும் ஒரே எடையுள்ள செய்திகள். ஆனால் காலையில் கதவடியில் விழுந்த தாளில் எது எவ்வளவு இடம் பிடிக்க முடியும் என்பதைக் கடிகாரம் தீர்மானித்தது.

இடம் முடிவானபின் வெட்டு. செய்தியாளர் 60 வரி எழுதியிருப்பார். இடம் 35 வரிக்கு இருக்கும். அச்சுக்கோத்த காலத்திலிருந்தே வாலிலிருந்து வெட்டுவதுதான் வழக்கம். அதனால்தான் யார், என்ன, எங்கே, எப்போது என்பதை முதல் பாராவில் வைக்கச் சொல்கிறோம். முக்கியத்துவம் குறையக் குறைய கீழே. எந்த வரியோடு நிறுத்தினாலும் செய்தி முழுமையாக நிற்க வேண்டும்.

உங்கள் பள்ளிகளிலிருந்து வரும் அறிக்கைகள் நேர் எதிராக இருக்கும். தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினரின் முழுப் பட்டம், பிறகு நிகழ்ச்சி நிரல் அப்படியே வரிசையாக. கடைசி வாக்கியத்துக்கு முந்திய வாக்கியத்தில், நாடகத்தை எழுதிய மாணவி தன் பாட்டி தோட்டப்புறத்தில் ரப்பர் பால் எடுத்த கதையைத்தான் நாடகமாக்கினார் என்று போகிற போக்கில் ஒரு தகவல் கிடக்கும். அவசரமாக வாலை வெட்டும் கை முதலில் அதைத்தான் வெட்டும். கண்ணில் பட்டால், செய்தியே அதுதான். படமும் அப்படியே. மேடையில் 14 பேர் வரிசையாக நிற்கும் படத்தைவிட, ஒப்பனை பாதி முடிந்த நிலையில் வசனம் பார்க்கும் ஒருவரின் படத்துக்கு நாங்கள் இரண்டு பத்தி கூடுதலாகவே தருவோம். கதை சொல்லும் போட்டிக்குப் பாதிப் பக்கம் கிடைத்ததன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

தமிழுக்கென்று இன்னொரு நெருக்கடி உண்டு. ஒரே தகவல் ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக இடம் கேட்கும். ஆங்கிலத் தலைப்பில் இரண்டே எழுத்தில் அடங்குபவர் நமக்குப் ‘பிரதமர்’. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை ‘வீவக’ என்றும் மத்திய சேம நிதியை ‘மசேநி’ என்றும் சுருக்கியது மொழிக் கொலை என்று சிலர் கோபப்படுவார்கள். ஒற்றைப் பத்தித் தலைப்பில் ‘வீடமைப்பு’ என்ற சொல்லைப் பொருத்திப் பார்த்தால் கோபம் தணியும். வினைச்சொல் கடைசியில் வருவதும் தொல்லைதான். இடமில்லாதபோது முதலில் வினைமுற்றைத்தான் துறக்கிறோம். ‘பிரதமர் அறிவித்தார்’ என்பது ‘பிரதமர் அறிவிப்பு’ ஆகிறது. தமிழ்த் தலைப்புகளில் கண்டனம், வரவேற்பு, கோரிக்கை, முடிவு என்று பெயர்ச்சொற்கள் வரிசைகட்டுவதற்கு இலக்கணக் காரணம் எதுவும் இல்லை. இடமில்லை, அவ்வளவே.

இதுவரை சொன்னதெல்லாம் தொழில் நுணுக்கம். காகிதம், கடிகாரம், விளம்பரம் என்று பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த முடிவுகள் சில நேரம் உயிர் சம்பந்தப்பட்டவை.

1942 நவம்பர் 25ஆம் தேதி ‘நியூயார்க் டைம்ஸ்’ ஒரு செய்தி வெளியிட்டது. நாஜிகள் ஏறத்தாழ 20 லட்சம் யூதர்களைக் கொன்றிருக்கிறார்கள், ஐரோப்பாவின் யூதர் அனைவரையும் அழிப்பது அவர்கள் திட்டம் என்று அமெரிக்க யூதத் தலைவர் ஸ்டீஃபன் வைஸ் தெரிவித்த தகவல் அது. அச்செய்தி வந்தது 10ஆம் பக்கத்தில். அது விதிவிலக்கல்ல. ஊடகப் பேராசிரியர் லாரல் லெஃப் 2005ல் வெளியிட்ட ஆய்வு நூலில் எண்ணிக் காட்டினார். 1939 செப்டம்பர் முதல் 1945 மே வரை ஐரோப்பிய யூதர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி அந்த நாளிதழ் 1,186 செய்திகள் வெளியிட்டது. முதல் பக்கத்தில் வந்தவை 26.

இந்த எண்களை நான் இளம் செய்தியாளர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. செய்தி மறைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். 1,186 என்பது சின்ன எண் அல்ல. தகவல் கிடைத்தது, எழுதப்பட்டது, அச்சாகி விற்கப்பட்டது. ‘நாங்கள் போட்டோமே’ என்று அந்த ஆசிரியர்கள் சத்தியம் செய்யலாம். ஆனால் உள்பக்கத்தில், மற்ற போர்ச் செய்திகளுக்கு நடுவே, சிறிய தலைப்போடு வந்த ஒன்றை வாசகர் எப்படிப் படிப்பார்? நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர்களே இதை முழுமையாக நம்பவில்லை போலிருக்கிறது, நம்பியிருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்பார்களே என்றுதான் நினைப்பார். மற்ற அமெரிக்க நாளிதழ்கள் பலவும் எதைப் பெரிதாக்குவது என்பதற்கு அந்த நாளிதழைப் பார்ப்பவை. அங்கே உள்ளே போனது எங்கும் உள்ளே போனது.

ஏன் அப்படிச் செய்தார்கள்? ஒரு காரணம், அப்போது ஸ்டாலின்கிராடிலும் வட ஆப்பிரிக்காவிலும் போர் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. முதல் பக்கத்துக்குப் போட்டி கடுமை. முந்திய உலகப் போரில் பரவிய கட்டுக்கதைகளை நினைத்து, கொடுமைச் செய்திகளை நம்பத் தயங்கியது இன்னொன்று. மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. பதிப்பாளர் ஆர்தர் ஹேஸ் சல்ஸ்பெர்கர் யூதர். தன் நாளிதழ் ‘யூதர்களின் நாளிதழ்’ என்று பெயரெடுத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். நடுநிலை என்று அவர் நினைத்தது, நடைமுறையில் பக்க எண்ணாக மாறியது. 2001 நவம்பரில் அந்த நாளிதழின் 150ஆம் ஆண்டுச் சிறப்பிதழில், அதன் முன்னாள் தலைமை ஆசிரியர் மேக்ஸ் ஃபிராங்கல் இதை வெளிப்படையாக எழுதினார். ஏறக்குறைய ஆறு ஆண்டுகளில் ஆறே முறைதான் முதல் பக்கம் யூதர்களை ஹிட்லரின் தனி இலக்கு என்று குறிப்பிட்டதாக அவர் கணக்குச் சொன்னார். அவரே சிறுவயதில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்.

அதே போர்க் காலத்தில் எதிர்த் திசையில் ஒரு முடிவும் எடுக்கப்பட்டது. 1943ல் வங்காளத்தில் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படும் பஞ்சம். கல்கத்தா நடைபாதைகளில் மக்கள் செத்து விழுந்தார்கள், ஆனால் போர்க்காலத் தணிக்கையின் கீழ் பிரிட்டிஷ் அரசு அதைப் பெரிதுபடுத்த விடவில்லை. ‘ஸ்டேட்ஸ்மன்’ பிரிட்டிஷாருக்குச் சொந்தமான நாளிதழ். அதன் ஆசிரியர் ஐயன் ஸ்டீஃபன்ஸும் ஆங்கிலேயர்தான். தணிக்கை விதிகள் எழுத்தைப் பற்றித்தான் பேசுகின்றன, படங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் கண்டார். ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை இதழில் பட்டினியால் எலும்பும் தோலுமான மக்களின் படங்களைப் பக்கம் நிறைய வெளியிட்டார். அடுத்த ஞாயிறும் வெளியிட்டார். பஞ்சம் அதற்கு முன்பும் கல்கத்தாவில் எல்லார் கண்ணெதிரேயும்தான் இருந்தது. ஆனால் அதன்பிறகு டெல்லியிலும் லண்டனிலும் யாரும் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. அப்போது வங்காளத்தில் சிறுவனாக இருந்து பஞ்சத்தைக் கண்ட பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், பின்னாளில் ஸ்டீஃபன்ஸின் செயலைப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

இரண்டு நாளிதழ்களிடமும் உண்மை இருந்தது. ஒன்று அதற்கு 10ஆம் பக்கம் தந்தது, மற்றொன்று பக்கம் முழுவதையும் தந்தது.

நம் ஊர் அளவுக்கு இறங்கி வருகிறேன். ஒதுக்கப்பட்ட பக்கங்கள் என்று ஒன்று உண்டு. விளையாட்டு, திரைச்செய்தி, இளையர் பக்கம். 1935ல் தொடங்கப்பட்ட ‘தமிழ் முரசு’, 1950களில் கோ. சாரங்கபாணியின் காலத்தில் மாணவர்களுக்கென்று ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியை ஒதுக்கியது. அதில் எழுதிப் பழகிய பலர் பின்னர் இந்த வட்டாரத்தின் எழுத்தாளர்கள் ஆனார்கள். தினமும் நடக்கும் இடச் சண்டையில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் கவிதை வெல்லவே முடியாது. அதற்கென்று இடத்தை முன்கூட்டியே கட்டி வைத்தால்தான் உண்டு. ஆனால் ஒதுக்கீட்டுக்கு மறுபக்கமும் இருக்கிறது. இளையர் பக்கம் என்று ஒன்று இருப்பதாலேயே, இளையரைப் பற்றிய எந்தச் செய்தியையும் ‘அங்கே போட்டுவிடலாம்’ என்ற சோம்பல் எங்களுக்கு வந்துவிடுகிறது. மாணவர்களின் மனநலம் பற்றிய செய்தி மூன்றாம் பக்கத்தில் உச்சியில் வர வேண்டுமா, வாரக் கடைசியில் இளையர் பக்கத்தில் வர வேண்டுமா என்று கூட்டத்தில் கேட்டால், நான் மூன்றாம் பக்கம் என்பேன். எப்போதும் நான் ஜெயிப்பதில்லை.

இணையத்தில் பக்கமும் இல்லை, மடிப்பும் இல்லை, வெட்டுக்கத்தியும் இல்லை. எவ்வளவு நீளமும் எழுதலாம். ஆனால் கைப்பேசித் திரையில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று தலைப்புகள்தான் தெரியும், ஆகவே போட்டி இன்னும் கடுமையானதுதான். ஒவ்வொரு செய்தியையும் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண் எங்கள் முன்னே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நடிகரின் திருமணப் படம் மேலே ஏறுவதையும், முதியோர் பராமரிப்பு பற்றி ஒரு செய்தியாளர் மூன்று வாரம் அலைந்து எழுதியது கீழே சரிவதையும் நேரலையாகப் பார்க்கலாம். எண்ணைப் பார்த்து வரிசையை மாற்றுவதா, எண்ணைப் பொருட்படுத்தாமல் அந்தச் செய்தியை மேலேயே பிடித்து வைப்பதா? அச்சுக் காலத்தில் ஒரு முறை முடிவெடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். இப்போது மணிக்கு ஒரு முறை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பள்ளித் திட்டப்பணிக்கு யோசனை தேடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த வாரம் ஒரு நாள் நம் ஊரின் நான்கு மொழி நாளிதழ்களையும் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். சீனமும் மலாயும் தெரிந்த நண்பர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே செய்தி எந்தெந்தப் பக்கத்தில், எத்தனை பத்தியில், படத்தோடா படமில்லாமலா என்று அளவுகோல் வைத்து அளந்து எழுதுங்கள். எது ஒன்றில் மட்டும் வந்து மற்ற மூன்றில் வரவேயில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய இதழ்கள் வேண்டுமானால் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் கிடைக்கின்றன. 1965 ஆகஸ்ட் 10ஆம் தேதி ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ முதல் பக்கம் எதைப் பற்றி என்று எல்லாருக்கும் தெரியும். அதைத் தாண்டி உள்பக்கங்களுக்குப் போய், நாடு பிரிந்த அந்த நாளிலும் யார் யாருக்கு எட்டு வரி கிடைத்தது என்று பாருங்கள்.